ஒரே தறிக்கு இரண்டு ஓய்வுநாள்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. பேனாவை எடுப்பேன், இரண்டு வரி எழுதுவேன், எழுந்து போய்விடுவேன். வேத விஷயத்தைப் பற்றிப் படித்தவர்களே புத்தகம் புத்தகமாக எழுதியும் முடிவுக்கு வரவில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தறிக்குழியில் இறங்கின நான் என்னத்தைச் சொல்லப்போகிறேன் என்று தோன்றும். என் மனைவியும், "எழுதினா ரெண்டு சபையும் வூட்டு வாசல்ல வந்து நிக்கும், பேஜாரு" என்று தடுத்துக்கொண்டே இருந்தாள். போன மாசம் அவளே, "எழுதிடுங்க, நமக்கும் வயசாவுது" என்றாள். கர்த்தர் இவ்வளவு நாள் வைத்திருப்பது இதற்காகவும் இருக்கலாம் என்று ஜெபம் பண்ணிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. ஆரணியில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. எங்களைத் தவிர எல்லோரும் இந்துக்கள். என் அப்பா காலத்திலேயே நாங்கள் கிறிஸ்தவர்களாகிவிட்டோம். தெரு தூங்குகிற நாள் அமாவாசை. அன்றைக்கு யாரும் தறியில் கால் வைக்க மாட்டார்கள். நாங்கள் மட்டும் அமாவாசையில் நெய்வோம், ஞாயிற்றுக்கிழமை நிறுத்துவோம். ஊரே சத்தமாக இருக்கும்போது எங்கள் வீடு சும்மா இருக்கும், ஊரே சும்மா இருக்கும்போது எங்கள் தறி மட்டும் தடக்கு தடக்கு என்று கேட்கும். அதற்கு எல்லோரும் பழகிப்போயிருந்தார்கள்.

நாங்கள் நெய்தது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இதை ஒரு ஆள் தனியாக நெய்ய முடியாது. குழியில் உட்கார்ந்து நான் மிதிப்பேன், குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடாவை உடலுக்கு ஓட்டுவேன். நான் உட்காரும் பலகையிலேயே என் வலது பக்கம் மனைவி உட்கார்ந்து அந்தப் பக்கத்துக் கரைக்கு நாடா தள்ளுவாள். நான் அனுப்பினால் அவள் வாங்க வேண்டும், அவள் அனுப்பினால் நான் வாங்க வேண்டும். அவள் எழுந்து போனால் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கல்யாணம் ஆன மறு மாசத்திலிருந்து எங்கள் குடித்தனமே அந்தப் பலகையின் மேல்தான் நடந்தது. சண்டை, சமாதானம், பிள்ளைகளுக்குப் பேர் வைத்தது எல்லாம் நாடா போய் வருகிற நேரத்தில்தான்.

அந்த வருஷம் அவள் அக்காவின் பிரசவத்துக்காகச் செய்யாறு போனாள். அக்கா வீட்டுக்கு எதிர்வீட்டில் சனிக்கிழமை தோறும் ஒரு கூட்டம் நடந்திருக்கிறது. ஓய்வுநாள் என்றால் சனிக்கிழமைதான் என்று போதிக்கிற சபை. அக்காவின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் உட்கார ஆரம்பித்திருக்கிறாள். திரும்பி வந்த அன்றைக்கே தறியில் உட்கார்ந்து கேட்டாள்.

"இன்னாங்க, பத்துக் கட்டளையில நாலாவதுல எந்த நாளுன்னு போட்டுக்கீது?"

"ஓய்வுநாள்னு போட்டுக்கீது."

"அது எத்தினியாவது நாளு?"

"ஏழாவது."

"ஞாயித்துக்கெழம எத்தினியாவது நாளு?"

நாடாவை அனுப்பாமல் கையிலேயே வைத்திருந்தேன். "கர்த்தர் உயிரோட எழுந்தது ஞாயித்துக்கெழமதானே. அதனால நம்ம பெரியவங்க அந்த நாளை வெச்சாங்க."

"எழுந்தாரு. நான் இல்லன்னு சொல்லல. நாளை மாத்திக்கோன்னு எங்கனா சொன்னாரா? நாடாவை அனுப்புங்க, கை நோவுது."

இப்படித்தான் ஆரம்பித்தது. நான் எங்கள் சபைப் போதகரான ஐயரிடம் போய்க் கேட்டேன். ஆதி சபையார் வாரத்தின் முதல் நாளில் கூடினார்கள், அப்பம் பிட்டார்கள், நாம் நியாயப்பிரமாணத்துக்குக் கீழ்ப்பட்டவர்கள் அல்ல என்று பொறுமையாக வசனத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். எனக்குத் தெளிவாக இருந்தது. இன்றைக்கும் தெளிவாகத்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கூடினாங்க, சரி. கூடினதெல்லாம் ஓய்வுநாளா? நாம புதன்கெழமகூட ஜெபக்கூட்டத்துல கூடறோமே" என்றாள். அதையும் கேட்டுக்கொண்டு ஐயரிடம் மறுபடி போக வெட்கமாக இருந்தது.

வாதத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் ஓய்வுநாள் தொடங்குகிறது என்று அவர்கள் கணக்கு. எங்கள் கொல்லைப்புறத்து ஜன்னலில் ஒரு தென்னைமரம் தெரியும். சூரியன் அதற்குப் பின்னால் இறங்கினதும் இவள் நாடாவைப் பலகையில் வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். முதல் தடவை புட்டாப் பூ பாதியில் இருந்தது.

"இன்னும் கொஞ்சம் ஓட்டினா இந்தப் பூ முடிஞ்சிடுமே."

"பூ முடியும். சூரியன் முடிஞ்சிபோச்சே."

அவ்வளவுதான். சனிக்கிழமை அவள் உட்கார மாட்டாள், ஞாயிற்றுக்கிழமை நான் உட்கார மாட்டேன். இரண்டு நாளும் தறி நிற்கும். நீளவாட்டு நூலான பாவு இப்படி இரண்டு நாள் விறைப்பாக இழுபட்டபடி நின்றால், மறுபடி நெய்யும்போது நின்ற இடத்தில் துணியில் மெல்லிசாக ஒரு கோடு விழும். எங்களுக்கு நூல் கொடுக்கிற முதலாளி சேலையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இன்னாய்யா, வாரத்துக்கு ஒரு கோடு போட்டுக்கீறே? தெருவுல எல்லாருக்கும் அமாவாசை லீவு. உன் வூட்ல புருஷனுக்கு ஒரு லீவு, பெஞ்சாதிக்கு ஒரு லீவு. பசங்களுக்கு எப்போ?" என்று கேட்டார். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன், வேறென்ன செய்ய.

அப்புறம் நான் ஒரு வழி பண்ணினேன். வெள்ளிக்கிழமை சாயந்திரம் பூ எதுவும் பாதியில் நிற்காதபடி திங்கட்கிழமையே யோசித்து வேலையை ஓட்டினேன். பொழுது சாய்கிற நேரத்துக்கு வெறும் உடல் வருகிற இடத்தில் இருப்போம். அவள் எழுந்ததும் பாவுக் கயிற்றைத் தளர்த்திவிடுவேன். கோடு விழுவது நின்றது. சனிக்கிழமை நான் தனியாகச் செய்யக்கூடிய வேலையாக, குறுக்கு நூலான ஊடைக்குக் குழலில் தார் சுற்றுவேன், ஜரிகை பிரிப்பேன். ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சுக்குப் போய் வேதபாடம் வாசித்துவிட்டு வருவேன், அவள் துணி துவைப்பாள். பிள்ளைகள் இரண்டு பக்கமும் போனார்கள். இரண்டு பக்கமும் படக்கதை, இரண்டு பக்கமும் மிட்டாய். அவர்களுக்கு எந்தத் தர்க்கமும் இல்லை.

ஆனால் ஒரு விஷயம் மட்டும் எங்களுக்கு நடுவில் முள்ளாக நின்றது. அந்தச் சபையில் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. தலையில் தண்ணீர் தெளித்தது போதாது, முழுகி எழ வேண்டும் என்று அவர்கள் போதனை. ஒரு நாள் கேட்டுவிட்டாள்.

"நீங்க மனசார சரின்னு சொன்னாத்தான் எடுப்பேன். வாயால சொன்னாப் போதாது."

"சொல்லலன்னா?"

"சொல்ற வரைக்கும் இருப்பேன்."

என்னால் சொல்ல முடியவில்லை. கோபம் அல்ல, பயம். எங்கள் சபைக்கு ஊருக்கு வெளியே ஒரு கல்லறைத் தோட்டம் உண்டு. என் அப்பா அங்கேதான் இருக்கிறார். சபையில் பேர் இருக்கிறவர்களுக்குத்தான் அதில் இடம். இவள் பேர் அந்தச் சபைக்குப் போய்விட்டால், ஒரே பலகையில் இத்தனை வருஷம் உட்கார்ந்தவர்களை வேறு வேறு இடத்தில் புதைப்பார்களே என்று நினைத்தேன். அதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அவளும் அதற்குப் பிறகு வாயைத் திறந்து கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை எழும்போது மட்டும் ஒரு தடவை என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவாள். இரண்டு புரட்டாசி அப்படியே போனது.

புரட்டாசி என்று சும்மா சொல்லவில்லை. மூன்றாவது புரட்டாசியில்தான் காரியம் நடந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு அக்கா. அவர்களும் தறிக்காரர்கள்தான். பெருமாள் பக்தி அதிகம். அவர் என் மனைவியை இரண்டு வருஷமாகக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை வீடு வாசல் கழுவுகிறாள். பொழுது சாயும் முன்னே விளக்கேற்றுகிறாள். சனிக்கிழமை அடுப்பு மூட்டுவதில்லை, கவுச்சி கிடையாது, தறியைத் தொடுவதில்லை. சுத்தமான சேலை கட்டிக்கொண்டு ஒரு பக்கமாக உட்கார்ந்து எதையோ முணுமுணுக்கிறாள். அந்த அக்காவுக்கு இதற்கு ஒரே அர்த்தம்தான் தெரியும்.

புரட்டாசி சனிக்கிழமைகளில் நாமம் போட்டுக்கொண்டு, செம்புக்குத் துளசி சுற்றி எடுத்துக்கொண்டு, பிள்ளைகளும் பெரியவர்களுமாக வீடு வீடாக வந்து கோவிந்தா சொல்லி அரிசி வாங்குவார்கள். எங்கள் வீட்டை மட்டும் தாண்டிப் போவது வழக்கம். அந்தச் சனிக்கிழமை நான் உள்ளே தார் சுற்றிக்கொண்டிருந்தேன், இவள் வேதம் வாசித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வாசலிலேயே, "கோவிந்தா! கோவிந்தா!" என்று கேட்டது. எழுந்து பார்த்தால் ஏழெட்டுப் பிள்ளைகள் நாமத்தோடு நிற்கிறார்கள். பின்னால் அந்த அக்கா, கையில் துளசி.

"வா தங்கச்சி, வா. நான்தான் பசங்கள இங்கயும் நிக்கச் சொன்னேன்."

"இன்னாக்கா இது?"

"எத்தினி நாளைக்கு மறைச்சிகினு இருப்பே? உன் வூட்டுக்காரரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. இல்ல தம்பி?"

"அக்கா, நான் பெருமாளுக்கு விரதம் இல்ல. எங்க சாமிக்குத்தான்."

"உங்க சாமிக்கு ஞாயித்துக்கெழமன்னு தெருவுக்கே தெரியும். சனிக்கெழம யாருக்குன்னு எனக்குத் தெரியாதா? எங்க வூட்டு மருமவகூட இப்டி சுத்தபத்தமா இருக்க மாட்டா."

"அக்கா, கேளுங்களேன்..."

"சரி சரி, சொல்லாத. வேண்டுதலை வாய்விட்டுச் சொல்லக்கூடாதுதான்."

என் மனைவிக்குச் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. அரிசி போட்டால் பெருமாளுக்குப் போட்டதாகிவிடும், போடாவிட்டால் வாசலில் வந்த பிள்ளைகளை வெறுங்கையோடு அனுப்பினதாகிவிடும். உள்ளே போய், முந்தின நாள் எங்கள் பிள்ளைகளுக்காகப் பண்ணி வைத்திருந்த பொரி உருண்டையைக் கொண்டுவந்து ஆளுக்கொன்று கையில் கொடுத்தாள். "இது உங்களுக்கு, நீங்க துன்றதுக்கு" என்று அழுத்திச் சொன்னாள். அவர்கள் அங்கேயே நின்று தின்றார்கள். அந்த நேரம் பார்த்து எங்கள் சபை அம்மா ஒருவர் மார்க்கெட் பையோடு தெருவில் போனார். நின்றார், பார்த்தார், போனார்.

மறுநாள் சர்ச்சில் நான் வேதபாடம் வாசிக்க எழுந்தபோது எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் நன்றாக வாசிப்பதால் பார்க்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை தறி ஓடிக்கொண்டிருந்தபோது ஐயரும் சபை மூப்பர் ஒருவரும் வந்தார்கள். நான் குழியிலிருந்து ஏறி, இருந்த ஒரே நாற்காலியை ஐயருக்குப் போட்டேன். மூப்பருக்கு முக்காலி. மூப்பர் உட்காராமல் சுவர் முழுக்கக் கண்ணால் துழாவினார். காலண்டரின் பின்பக்கத்தைக்கூடத் திருப்பிப் பார்த்தார்.

"சனிக்கெழம உங்க வூட்ல கோவிந்தா சத்தம் கேட்டுதாமே?"

"தெருவுல கேட்டுதுங்க" என்றேன்.

"வாசல்ல கேட்டுதாம். நாமக்காரப் பசங்களுக்குப் பிரசாதம் குடுத்தீங்களாம்."

"பொரி உருண்டைங்க. பிரசாதம் இல்ல."

"அடுப்பு மூட்டறதில்ல, கறி ஆக்கறதில்ல, வெள்ளிக்கெழம விளக்கு. பெருமாள் விரதம் வேற எப்படிங்கறேன்? நீ சர்ச்சுல நின்னு வேதபாடம் வாசிக்கற ஆளு. ஆம்பளைதானே நீ? வூட்ல இன்னா நடக்குதுன்னு தெரியாதா உனக்கு?"

என் மனைவி பலகையில் உட்கார்ந்தபடியே இருந்தாள். நாடா மடியில் இருந்தது. அவள் வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"பெருமாளுக்கு இல்லீங்க, கர்த்தருக்குத்தான். வெள்ளிக்கெழம பொழுது சாஞ்சதுலேர்ந்து சனிக்கெழம பொழுது சாயற வரைக்கும் என் பெஞ்சாதி கர்த்தருக்காகவே உக்காந்துகினு இருக்கறா. நான் பார்த்துகினுதான் கீறேன். ஞாயித்துக்கெழம ஆராதனை முடிச்சி வந்து சோறு துன்னுட்டு நான் சாயந்திரம் வரைக்கும் தூங்கறவன். அவ தூங்கறதில்லீங்க. வாசிக்கறா, ஜெபம் பண்றா, தெருவுல யாருக்கு ஜொரம்னாலும் போய்ப் பார்த்துட்டு வர்றா."

ஒரே மூச்சில் சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. இரண்டு வருஷமாக அவள் நாள் தப்பு என்று வாதம் பண்ணினவன். அவள் அந்த நாளை யாருக்குக் கொடுக்கிறாள் என்று ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. பக்கத்து வீட்டு அக்கா பெருமாளுக்கு என்றதும், மூப்பர் பெருமாளுக்கு என்றதும்தான், அது யாருக்கு என்று நான் சாட்சி சொல்ல வேண்டி வந்தது.

ஐயர் சிரித்துவிட்டார். "தூங்கறது நீ மட்டும் இல்லப்பா, சபையில பாதிப் பேரு அப்படித்தான்" என்றார். மூப்பர் சிரிக்கவில்லை. காலண்டரை நேராக மாட்டிவிட்டு வெளியே போனார். ஐயர் கிளம்பும்போது என் மனைவியிடம், "அம்மா, அந்தச் சபையார் சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். அதை எப்பவும் சொல்லுவேன்" என்றார். "சொல்லுங்க ஐயா, நானும் கேட்டுப்பேன்" என்றாள் அவள். அவர் எங்களுக்காக ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்.

நான் மறுபடி குழியில் இறங்கினேன். நாலைந்து இழை நெய்தோம்.

"இன்னாங்க."

"ம்."

"இப்ப அவங்ககிட்ட இன்னா சொன்னீங்க?"

"காதுல விழலயா?"

"விழுந்துச்சி. இன்னொரு தரம் சொல்லுங்க."

நான் நாடாவை அனுப்பிவிட்டுச் சொன்னேன்: "போய் முழுகிட்டு வா. மனசாரத்தான் சொல்றேன்."

அவள் நாடாவை வாங்கவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நாடா கீழே விழுந்து ஊடை அறுந்தது. அதைப் பிணைத்துச் சரிபண்ண எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அப்போதுதான் அந்தக் கல்லறைத் தோட்டத்துப் பயத்தையும் சொன்னேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கடைசி நாள்ல எக்காளம் ஊதும்போது எழுந்திருக்கறவங்கள எந்தத் தோட்டம்னா கேப்பாங்க? இதுக்கா ரெண்டு வருஷம் உம்முனு இருந்தீங்க?" என்றாள். அவளுக்கு அது சுலபமாக இருந்தது. எனக்கு இன்றைக்கும் அவ்வளவு சுலபமில்லை, ஆனாலும் தூக்கம் கெடுவதில்லை.

ஐப்பசி மழை விட்ட ஒரு சனிக்கிழமை செய்யாறு பஸ் ஏறினோம். பஸ்ஸுக்குக் கிளம்புவதை வாசலில் நின்று பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, "திருப்பதிக்கா?" என்று கேட்டார். "இல்லக்கா, செய்யாறு" என்றாள் இவள். "நல்லபடியா போய்ட்டு வா" என்று அனுப்பினார்.

வயல் நடுவில் ஒரு பம்புசெட்டுத் தொட்டி. அதில்தான் முழுக்கு. கரையில் அந்தச் சபையார் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் துண்டும் மாற்றுச் சேலையும் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன். அவர்கள் போதகர் என்னைப் பார்த்து, "அண்ணே, தண்ணி நிறைய கீது. எறங்கலாமே" என்றார். "சின்ன வயசுலயே தலையில தண்ணி பட்டவங்க நான், இன்னும் ஈரம் காயல" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும்தான். அவள் முழுகி எழுந்தாள். முகத்தில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தபடி என்னிடம் வந்து துண்டை வாங்கினாள். காதோடு கேட்டாள்: "பாவுக் கயித்தைத் தளத்திட்டு வந்தீங்களா?" உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, ஓய்வுநாள்ல வேலைப் பேச்சு பேசிட்டேன்."

அதற்குப் பிறகு எண்பதுகள் முழுக்கவும் எங்கள் வீடு அப்படித்தான் ஓடியது. சனிக்கிழமை அவள் சபைக்கு நானும் அவ்வப்போது போய்ப் பின்னால் உட்காருவேன். ஞாயிற்றுக்கிழமை அவள் துவைக்கிற துணியைச் சீக்கிரமே முடித்துவிட்டு, நான் வேதபாடம் வாசிப்பதைக் கேட்கப் பெண்கள் பக்கம் வந்து உட்காருவாள். அந்த மூப்பர் ரொம்ப நாள் அவளோடு பேசவில்லை. அவர் மனைவி நோயாகப் படுத்தபோது இவள் போய் உட்கார்ந்து கஞ்சி புகட்டினாள். அப்புறம் பேசினார். எந்த நாள் சரி என்று எங்கள் இருவருக்குள் இன்னும் முடிவாகவில்லை. மாசத்துக்கு ஒரு தரமாவது பேசிக்கொள்கிறோம். அவள் இன்னும் நன்றாகத்தான் மடக்குகிறாள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எங்களுக்கு முன்னாலேயே பல ஊருக்குப் போய்விட்டது. சேத்துப்பட்டில் ஒரு கல்யாண வீட்டில், புருஷனும் அதே தொட்டியில் இறங்கி முழுகி, ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டான் என்று ஒருவர் என்னிடமே சொன்னார், அந்த ஆள் நான்தான் என்று தெரியாமல். இன்னொரு இடத்தில், என் மனைவி கண்ணீரோடு பழைய சபைக்குத் திரும்பிவிட்டாள் என்று பிரசங்கத்தில் சொன்னார்களாம். எங்கள் தெருவிலோ அவளுக்குப் பெருமாள் பிரத்தியட்சமானார் என்பவர்கள் இன்னமும் உண்டு. மூன்றும் நடக்கவில்லை. மூன்று தரப்பாரும் நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார்கள், தங்கள் பக்கத்துக்குக் கொஞ்சம் இழுத்து.

ஆகையால் வாசிக்கிறவர்களைக் கையெடுத்துக் கேட்கிறேன். இது யாருக்காவது பிரயோஜனப்படும் என்று தோன்றினால் கொடுங்கள், வாசித்துக் காட்டுங்கள். என்னைச் சனிக்கிழமைக்கு இழுக்க வேண்டாம், அவளை ஞாயிற்றுக்கிழமைக்கு இழுக்க வேண்டாம். நாங்கள் இருவரும் ஒரே கர்த்தரை நம்பி, ஆளுக்கொரு நாளை வைத்துக்கொண்டு, மீதி நாளெல்லாம் ஒரே பலகையில் உட்கார்ந்து நெய்தோம். நடந்தது இவ்வளவுதான். இதில் ஒன்றையும் கூட்டாமல், ஒன்றையும் குறைக்காமல், இருக்கிறபடியே சொல்லுங்கள்.